சவாரி மாட்டு வளவில் ஒரு பிள்ளை

நடந்தவற்றை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. சண்டிலிப்பாயில் ஒரு வீட்டில் சவாரி மாடுகள் ஒரு சோடி நின்றன. ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல் நிற மயிலை.
2. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தது முன்பள்ளிக்குப் போகிற ஐந்து வயதுப் பெண்பிள்ளை. இளையவன் அப்போதுதான் எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தான்.
3. ஒரு பின்னேரம் மூத்த பிள்ளை தனியாக மாட்டுக்கொட்டிலுக்குள் போனது. தாய் கிணற்றடியில் நின்றார். தகப்பன் புகையிலைத் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்.
4. மயிலை மாடு உதைத்தது. பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் அடிபட்டு விழுந்தது. இடது முன்கை முறிந்தது.
5. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.
6. மாடு ஏன் உதைத்தது என்று எல்லோரும் கேட்டார்கள். பிள்ளை வாய் திறக்கவில்லை.
7. தாய் ஒரு முடிவு சொன்னார்: கையில் கட்டு அவிழ்ப்பதற்குள் இரண்டு மாடுகளும் வளவை விட்டுப் போக வேண்டும்.
8. முன்பள்ளி ஆசிரியை எனக்கு அழைப்பு எடுத்தார்.

எட்டாவதில்தான் நான் வருகிறேன். எனக்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் வேலை. நான் வைத்தியர் இல்லை. ஆடு, மாடு, கோழி வளர்ப்பவர்களின் வீடுகளுக்குப் போய், என்ன தீனி, கொட்டில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எந்தத் தடுப்பூசி எப்போது என்று சொல்லிக்கொடுக்கிற ஆள். அதற்கான டிப்ளோமாவைப் படித்துவிட்டு வந்தவள். இலக்கம் போட்டு எழுதாத எதுவும் எனக்கு மனதில் நிற்பதில்லை. கலியாண வீட்டுக்குப் போவதற்கும் இலக்கம் போடுகிற ஆள் என்று என் தங்கை பகிடி பண்ணுவாள்.

ஆசிரியை கேட்டது சின்ன உதவி.

"மிஸ், ஒருக்கா வந்து எங்கடை பிள்ளையளுக்கு ஆடு மாட்டோடை எப்பிடிப் பழகிறது எண்டு சொல்லிக் குடுங்கோவன். அந்தப் பிள்ளை கட்டுப்போட்ட கையோடை வந்து இருக்குது. அதைப் பாத்துப் பாத்து மற்றதுகள் எல்லாம் இப்ப மாட்டைக் கண்டாலே ஓடுதுகள்."

ஓடுவதும் ஆபத்துத்தான். மாட்டுக்கு முன்னால் ஓடுகிற எதுவும் மாட்டை மிரள வைக்கும். அதோடு, பயந்த பிள்ளை எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. கொஞ்சம் தூரம் போய், தனக்கு ஒன்றும் வராது என்று தெரிந்த இடத்தில் நின்று கல் எறியும். பயத்தைச் சொல்லிக்கொடுத்தால் அதற்குப் பின்னால் கொடுமையும் வருவதை நான் பல வளவுகளில் பார்த்திருக்கிறேன். வருகிறேன் என்றேன்.

முன்பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு கிழட்டுப் பசு இருந்தது. பல கன்று ஈன்றது. எதற்கும் அசையாதது. வீட்டுக்காரரிடம் கேட்டு அதைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் கட்டினோம். பிள்ளைகள் தூரத்தில் பாயில் இருந்தார்கள். கட்டுப்போட்ட பிள்ளை பாயில் இருக்காமல் ஆசிரியையின் கதிரைக்குப் பக்கத்தில் நின்றது.

"மாட்டுக்குக் கண் எங்கை இருக்கு?" என்று தொடங்கினேன்.

"தலையிலை!"

"எங்களுக்கு மாதிரி முன்னுக்கோ, பக்கத்திலையோ?"

எல்லோரும் பசுவைப் பார்த்தார்கள். பசுவும் அவர்களைப் பார்த்தது. "பக்கத்திலை" என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

"அப்ப அதுக்குப் பின்னாலை நிக்கிற ஆளைத் தெரியுமோ?"

ஒரு பொடியன் கையை உயர்த்தினான். "தெரியும் மிஸ். அதுக்கு வாலுக்குக் கீழை ஒரு கண் இருக்கு. அண்ணை சொன்னவர்."

"உங்கடை அண்ணை எத்தினையாம் வகுப்பு?"

"ரெண்டாம் வகுப்பு."

"அடுத்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவருக்கும் பாடம் இருக்கு."

பிறகு ஒரு விளையாட்டு. ஒரு பிள்ளை பசுவாகி, அசையாமல் நேரே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் பக்கத்திலிருந்து பின்பக்கம் மெல்ல மெல்ல நடந்து போவேன். "தெரியுது... தெரியுது..." என்று சொல்லிக்கொண்டு வந்து, நான் மறைகிற இடத்தில் "இப்பத் தெரியேல்லை" என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நின்று நான் முதுகைத் தொட்டேன். தொடப்போகிறேன் என்று தெரிந்தும் பிள்ளை துள்ளியது. மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு எல்லோருக்கும் பசுவாக வேண்டும் என்று ஒரே சண்டை.

அந்தத் துள்ளல்தான் நான் கொடுக்க வந்த பாடம். மாட்டின் உதையில் பாதி இந்தத் துள்ளல். மாட்டுக்குக் கால் பலம், அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு வழக்கமான ஒழுங்குகளுக்கு வந்தேன். பின்பக்கம் போகக் கூடாது. கன்றோடு நிற்கிற மாட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது. தீனி கொடுப்பதென்றால் கையை விரித்துக் கொடுக்க வேண்டும். கொட்டிலுக்குள் பெரிய ஆள் இல்லாமல் கால் வைக்கக் கூடாது. வாளியில் தண்ணீர் இல்லை என்று கண்டால் யாரிடமாவது சொல்ல வேண்டும். அது சின்னப் பிள்ளையும் செய்யக்கூடிய பெரிய உதவி. தொட்டுவிட்டு வந்தால் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

"கிட்டப் போக முதல், நான் வாறன் எண்டு அதுக்குத் தெரிய வேணும். மெல்லமா ஏதாவது கதைச்சுக்கொண்டு போங்கோ. அப்ப அது துள்ளாது" என்றேன்.

அப்போதுதான் கதிரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்கடை மாட்டுக்குச் சத்தம் குடுத்தா நிக்காது. ஓடும்."

"என்ன சத்தம் குடுத்தா ஓடும்?"

பிள்ளை ஆசிரியையின் முகத்தைப் பார்த்தது. பிறகு முன்னுக்கு வந்து, கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "ஏ... ஹேய்! ஹேய்! ஹேய்!" என்று கத்தியது.

எங்கள் பக்கத்தில் சவாரி என்றால் மாட்டு வண்டி ஓட்டம். திடலில் ஒரு சோடி வெளிக்கிடும்போது சவாரிக்காரர் போடுகிற கூச்சல் அது. ஆண்களின் தொண்டையில் அதைக் கேட்டிருக்கிறேன். இந்தச் சின்ன உடம்பிலிருந்து அது அச்சொட்டாக வந்தது. பாயில் இருந்த பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். கிழட்டுப் பசு தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி அசைபோடத் தொடங்கியது.

"கத்திப்போட்டு வாலுக்கு மேலை ஒரு தட்டுத் தட்ட வேணும்" என்றது பிள்ளை, ஒரு வேலையை விளக்குகிற மாதிரி. "அப்பத்தான் பாயும்."

"உந்தக் கத்தலை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"மாமாமார்."

ஆசிரியை என் காதோடு சொன்னார். "தகப்பன்ரை சிநேகிதர் மிஸ். ஞாயிற்றுக்கிழமையளிலை அங்கை கூடுவினம். 'எங்கை எங்கடை குட்டிச் சாரதி, ஒருக்காக் கத்து பாப்பம்' எண்டு கேட்டுச் சிரிப்பினம். மாட்டுக்குக் காது நிமிரும். அதைப் பாத்து இன்னும் சிரிப்பினம். ஒருநாள் நானும் நிண்டு சிரிச்சனான்."

சில வீடுகளில் விருந்தாளி வந்தால் பிள்ளையை ஆடச் சொல்வார்கள். சில வீடுகளில் தேவாரம் பாடச் சொல்வார்கள். அந்த வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் எவருக்கும் அதில் பிழை தெரியாது. சவாரி வீட்டுப் பிள்ளைக்குச் சவாரிச் சத்தம் தெரிகிறது, அவ்வளவுதான்.

கை கழுவும்போது பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தினேன். ஒரு கைக்குத்தான் தண்ணீர் படலாம். மற்றக் கையின் விரல் நுனிகளை நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

"அண்டைக்கும் கத்தினனீங்களோ?"

தலையை ஆட்டியது.

"கத்திப்போட்டுத் தட்டினனீங்களோ?"

அதற்கும் ஆட்டியது.

"அம்மாட்டைச் சொன்னனீங்களோ?"

"இல்லை. சொன்னா அம்மா அப்பாவை ஏசுவா." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தது. "மயிலையைக் குடுத்துப்போடுவினமோ மிஸ்? அது கூடாத மாடு எண்டு எல்லாரும் சொல்லுகினம். அது கூடாத மாடில்லை."

"கூடாத மாடில்லைத்தான்" என்றேன். ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு எழுந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். படலையைத் திறந்தால் நேரே கொட்டில் தெரியும். வீட்டு வாசலுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் வெறும் முற்றம்; வேலி ஒன்றும் கிடையாது. இளையவன் சட்டை இல்லாமல், ஒரு சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு அடி நடப்பதும் விழுவதுமாக இருந்தான். விழுகிற ஒவ்வொரு முறையும் கொட்டில் பக்கமாகவே எழும்பினான். அங்கேதான் பார்க்கப் பெரிய சாமான் நின்றது.

தாய் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். "மிஸ்ஸுக்கு எங்கடை வீட்டுக் கதை தெரியும்தானே. இவருக்கு மாடு பெரிசு. எனக்குப் பிள்ளை பெரிசு."

"எனக்குப் பிள்ளை சின்னனோ?" என்றார் தகப்பன்.

"அதைத்தானே நானும் கேக்கிறன்."

தகப்பன் எழுந்து கொட்டிலுக்கு நடந்தார். நானும் போனேன். மாடுகள் உண்மையிலேயே அழகானவை. உடம்பில் ஒரு உண்ணி இல்லை. குளம்பு சுத்தம். கீழே போட்டிருந்த வைக்கல் காய்ந்து கிடந்தது. வளர்ப்பு என்று பார்த்தால் நான் குறை எழுத ஒன்றும் இல்லை. இரண்டையும் நாம்பன் என்கிற ஆண் கன்றுகளாக வாங்கி, பனையோலை வார்ந்து தீனி போட்டு வளர்த்ததாகச் சொன்னார்.

"அண்ணை, திடலிலை எப்பிடி வெளிக்கிடுத்திறனீங்கள்?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் வெளித்தது. "கம்புக்கு என்ரை மாட்டிலை வேலை இல்லை மிஸ். பழக்கம்தான். ஒரு சத்தம் குடுத்து, வால் அடியிலை இப்பிடி ஒரு தட்டு. அந்த நிமிசமே..."

கை காற்றிலேயே நின்றது. அவர் கையைப் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

"பிள்ளை சொன்னதோ?"

"ஓம் அண்ணை."

"கட்டிக்கிடந்த மாடு. முன்னுக்குப் பாயக் கயிறு விடாது. பின்பக்கம் எத்தித்தான் இருக்கும்." அவர் மயிலையின் கழுத்தில் கையை வைத்தார். "நான் இதை விசர் பிடிச்ச மாடு எண்டு ஏசினனான்."

வீட்டில் தாயிடம் சொல்வது அவர் வேலை. நான் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது தாயே சொன்னார்: "ஒளிக்காமல் சொன்னவர். இவ்வளவு நாளும் எங்கடை முற்றத்திலை நிண்டு சிரிச்சவைக்கு எல்லாம் தேத்தண்ணி ஊத்தினது நான்தானே மிஸ். எனக்கும் விளங்கேல்லை." ஆனால் முடிவை அவர் மாற்றவில்லை. ஒரு நிபந்தனையோடு கொஞ்சம் தளர்த்தினார். கட்டு அவிழ்க்கும்வரை பார்ப்போம். பிள்ளையும் மாடும் ஒரே வளவில் இருக்கலாம் என்று தனக்கு நம்பிக்கை வந்தால் நிற்கட்டும், வராவிட்டால் போகட்டும் என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் போய்வந்தேன். முதல் வேலை வேலி. தகப்பனே கம்பு நாட்டி, கொட்டிலைச் சுற்றிக் குறுக்கே மூன்று வரிச்சுத் தடி கட்டினார். அடுத்தது சவாரிச் சாமான்கள். சலங்கை, நுகம் எல்லாம் கொட்டிலில் தொங்கின. அவற்றை வீட்டுக்குப் பின்னால் மாற்றினோம். திடல் ஓடுகிற இடம், கொட்டில் படுக்கிற இடம். இரண்டையும் மாடு குழப்பக் கூடாது என்றேன். பிள்ளைக்கு இது உடனே பிடிபட்டது.

"எங்கடை பள்ளிக்கூடத்திலையும் பாயிலை படுக்கிற நேரம் கத்தக் கூடாது" என்றது.

பிள்ளைக்குக் கொடுத்த வேலைகள் சின்னவை. வேலிக்கு வெளியே நின்று காதைப் பார்ப்பது. காது இரண்டும் தளர்ந்து கிடந்தால் தகப்பனைக் கூப்பிடலாம். ஒன்று பின்னுக்கு மடிந்து வால் விசிறினால் இன்றைக்கு வேண்டாம். தகப்பன் மூக்கில் கோத்த நாணயக்கயிற்றைப் பிடித்துத் தலையைத் திருப்பி வைத்திருக்கும்போது, முன்தோள் பக்கமாக வந்து, தாடைக்குக் கீழே சொறிந்துவிடுவது. மயிலைக்கு அந்த இடம் பிடிக்கும் என்று கண்டுபிடித்தது பிள்ளைதான். சொறியும்போது அது கழுத்தை நீட்டிக்கொண்டே போய்க் கடைசியில் வேலியில் தலையை வைத்துவிடும்.

"பாருங்கோ மிஸ், படுக்கப் போகுது" என்று பிள்ளை இரகசியக் குரலில் சொல்லும். அந்த வளவில் அது இப்போது எல்லாவற்றையும் இரகசியக் குரலில்தான் சொன்னது.

பெரியவர்களைப் பழக்குவதுதான் கஷ்டம். தகப்பனின் சிநேகிதர் ஒருவர், நல்ல உயரமான ஆள், வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படலையடியிலேயே தொடங்கினார்.

"எங்கை எங்கடை குட்டிச் சாரதி? கை முறிஞ்சா என்ன, தொண்டை முறியேல்லைத்தானே! ஒருக்காக் கத்து பாப்பம்!"

பிள்ளை ஓடவில்லை. நடந்து போய், ஆளுக்கு முன்னால் நின்று, உதட்டில் விரலை வைத்தது. "மாமா, இஞ்சை கத்தக் கூடாது. அதுக்கு வேலை நேரம் எண்டு விளங்கிடும்."

அவர் தகப்பனைப் பார்த்தார். "என்னடாப்பா, உன்ரை வளவு ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு?"

"கத்த வேணுமெண்டால் திடலுக்கு வா" என்றார் தகப்பன். "இஞ்சை இருந்தால் மெல்லமாக் கதை. இல்லாட்டி இவள் உனக்கும் கட்டுப் போட்டுவிடுவாள்."

அவர் சிரித்தார். ஆனால் அடுத்த முறை வந்தபோது படலையடியில் மோட்டார் சைக்கிளின் ஹோர்னைக்கூட அடிக்கவில்லை. தாய் இதைக் கவனித்தார். எனக்குத் தேத்தண்ணி தரும்போது, "ஆம்பிளையள் பழகீட்டினம், மாடு பழகாதோ?" என்று சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. மாடு பழகாதோ என்பது ஒரு கேள்வி. அதற்கு என்னிடம் இருந்த பதிலை நான் இன்னும் சொல்லவில்லை. ஒரு மாட்டுக்கு ஒன்றைப் பழக்கலாம். பழகிய ஒன்றை மறக்கச் செய்வது வேறு வேலை. அதுவும் மாதத்துக்கு ஒருமுறை திடலில் அதே பழக்கத்தை எதிர்பார்த்து ஓட்டுகிற மாட்டில்.

கட்டு அவிழ்ப்பதற்குச் சற்று முந்திய சனிக்கிழமை அது நடந்தது. தகப்பன் வாளியோடு கொட்டிலுக்குள் நின்றார். பிள்ளை வேலிக்கு வெளியே, முன்தோள் பக்கம், நான் காட்டிய இடத்தில் நின்றது. தாய் இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். படலைக்கு வெளியே ஒழுங்கையில் பொடியன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் விக்கெட் எடுத்திருக்க வேண்டும். பெரிய கூச்சல்: "ஏ... ஹேய்! ஹேய்!"

மயிலை பாய்ந்தது. கயிறு இழுத்துப் பிடித்தது. பின்பக்கம் சுழன்று, இரண்டு காலும் எத்தி, வரிச்சு ஒன்று முறிந்தது. வெள்ளையும் சேர்ந்து துள்ளியது. தகப்பன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "ஓ... ஓ... சரி... சரி..." என்று சொல்லிச் சொல்லித் தணித்தார். வாளி தூரத்தில் உருண்டு கிடந்தது.

பிள்ளை கத்தவில்லை. ஓடவும் இல்லை. பின்னுக்குப் பின்னுக்கு நடந்து மாமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. பிறகு தாயைப் பார்த்து, "அம்மா, தம்பியை விடாதேங்கோ" என்றது.

எல்லாம் ஓய்ந்த பிறகு தாய்தான் முதலில் பேசினார். எனக்கு அது எதிர்பாராத பேச்சு.

"சரி. பிள்ளை பழகியிட்டுது. நான் கண்ணாலை பாத்திட்டன். மாடுகள் நிக்கட்டும்."

தகப்பன் தலை நிமிர்ந்தார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு மற்றதைச் சொல்வது எனக்குச் சுகமாக இருக்கவில்லை. நான் பேசாமல் வந்திருக்கலாம். எல்லோருக்கும் அந்தப் பின்னேரம் சந்தோஷமாகவே முடிந்திருக்கும்.

"அக்கா, பிள்ளை பழகியிட்டுது. ஓம். நான் சொன்னதிலை ஒண்டையும் அவ விடேல்லை" என்றேன். "ஆனால் மாடு பழகேல்லை. அது பழகவும் மாட்டுது. ஒழுங்கையாலை போற சத்தத்தை நாங்கள் நிப்பாட்டேலாது. இவன் இப்பத்தான் நடக்கிறான். இவனுக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்கிற வயசில்லை. உந்த வரிச்சுக்குக் கீழாலை பூந்து போற அளவு அவன்."

தாய் இளையவனைப் பார்த்தார். இடுப்பில் இருந்தபடியே அவன் கொட்டிலை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"வேலியை உயர்த்தலாம்" என்றார் தாய், மெல்லமாக. அவர் இப்போது தகப்பனுக்காகக் கதைத்தார்.

"உயர்த்தலாம். ஆனால் கொட்டில் படலையை ஒருநாள் ஆராவது திறந்து விட்டிட்டுப் போவினம் அக்கா."

தகப்பன் முறிந்த வரிச்சை எடுத்து, இரண்டு துண்டையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி சொல்லுறது சரி" என்றார். அதுவரை என்னை மிஸ் என்றுதான் கூப்பிட்டவர். "ஓடு எண்டு பழக்கினது நான். சத்தம் கேட்டு ஓடாட்டித்தான் முந்தி ஏசுவன். இப்ப ஓடாதை எண்டு சொன்னால் அது என்னத்தை விளங்கிறது?"

கொடிகாமத்தில் அவருக்குச் சவாரிக்காரச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் வளர்ந்து வெளியே போய்விட்ட வீடு; சுற்றிவரத் தென்னங்காணி; ஒழுங்கையிலிருந்து கொட்டில் தூரம். அங்கே கட்டலாம் என்று முடிவானது. மாடு ஏற்றிப் போவதற்கு வேண்டிய கடிதத்தை எங்கள் அலுவலகத்தில் வைத்தியரிடம் வாங்கிக்கொண்டு நானே போனேன்.

லொறி படலையில் நின்றபோது பிள்ளை என் பாவாடையைப் பிடித்தது. கட்டு அவிழ்த்த கை மெலிந்து, மற்றக் கையைவிட வெளிறிப்போய் இருந்தது.

"மயிலை பிழை செய்யேல்லைத்தானே மிஸ்?"

"இல்லை. சொல்லிக் குடுத்ததைத்தான் அது செய்தது."

"நானும் பிழை செய்யேல்லையோ?"

"நீங்களும் சொல்லிக் குடுத்ததைத்தான் செய்தனீங்கள்."

"அப்ப ஏன் அனுப்புகினம்?"

"தம்பிக்கு இன்னும் சொல்லிக் குடுக்கேலாது. அதுதான்."

பிள்ளை அதை யோசித்தது. தம்பி முற்றத்து மண்ணில் இருந்து ஒரு கோழி இறகை வாயில் வைக்கப் போனான். பிள்ளை ஓடிப்போய் இறகைப் பறித்தது. "ஓம்" என்றது திரும்பி வந்து. "இவனுக்கு ஒண்டும் தெரியாதுதான்."

ஏற்றும்போது ஒருவரும் சத்தம் போடவில்லை. உயரமான சிநேகிதரும் வந்திருந்தார். இரகசியக் குரலில், "வாடா ராசா, வா, வா" என்று வெள்ளையைக் கூப்பிட்டார். தகப்பன் மயிலையோடு பின்தட்டில் ஏறி நின்றுகொண்டார். சாரதி பக்கத்து இருக்கை வெறுமையாகவே போனது. தாய் லொறி ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை படலையில் நின்றுவிட்டு, கொட்டிலைக் கூட்டத் தொடங்கினார்.

இப்போது நிலைமை இது. மாடுகள் இரண்டும் கொடிகாமத்தில் நிற்கின்றன. தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறார். சில வேளை பிள்ளையையும் மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக் கூட்டிப்போகிறார். திடலில் இந்த வருடமும் அந்தச் சோடி ஓடியது. முன்பள்ளியில் மாதத்துக்கு ஒருமுறை என் பாடம் நடக்கிறது. சண்டிலிப்பாய் வீட்டுக் கொட்டிலில் ஒரு மறியாடும் அதன் இரண்டு குட்டிகளும் நிற்கின்றன. இளையவன் அவற்றுக்கு இலை குழை கொடுக்கிறான். கையை விரித்துக் கொடுக்க அவனுக்கு இன்னும் வரவில்லை. அக்கா பக்கத்தில் நின்று விரித்துப் பிடிக்கிறாள்.